டாக்டருக்கு நான் கொடுக்காத சைக்கிள்

அன்புள்ள கணேசனுக்கு,

இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. உனக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் தகராறுதான், எனக்குத் தெரியாதா? டெல்லி மோதி பாக் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவன், பெரிய வகுப்புக்குப் போனதும் இங்கிலீஷுக்குத் தாவினாய். இப்போது தமிழ் என்றால் கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டுகிறாய். பரவாயில்லை, எழுத்துக் கூட்டியே படி. மாமா வீட்டு மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து படி. அம்மா என்னவென்று கேட்டால், கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று அப்பா எழுதியிருக்கிறார் என்று சொல். சிலிண்டர் வந்துவிட்டது. எனவே நீ சொல்வது பொய்யாகாது. நான் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் வேண்டும், வழக்கம் அது. ஆனால் நான் சௌக்கியமாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத் திருநெல்வேலிக்குப் போயிருக்கிற மாப்பிள்ளைக்கு அப்பன் எழுதுகிற கடிதமா இது என்று நீ கோபப்படலாம். கோபப்பட்டுக்கொண்டே முழுதும் படித்துவிடு.

நான் பயந்தாங்கொள்ளி என்பது நம் வீட்டில் ரகசியமில்லை. கல்யாணமான வாரத்திலேயே உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். பூட்டிய வீட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன், ரயில் வருவதற்கு ஒரு பொழுது முன்னால் போய் பிளாட்பாரத்தில் உட்காருபவன், ஆபீசில் கையெழுத்துப் போட்ட பிறகும் ஃபைலைத் திரும்ப வாங்கிப் பார்ப்பவன். உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நீ ஓட்டப் பழகிய பிறகும் நான் விடவில்லை. "அப்பா, விடுங்கப்பா, நீங்கதான் விழப்போறீங்க" என்று நீ கத்தினாய், கத்தின மாதிரியே நான்தான் விழுந்தேன். அப்புறம் நீ பழைய இங்கிலீஷ் சைக்கிள்களை வாங்கிப் புதுப்பித்து விற்க ஆரம்பித்ததும், குவார்ட்டர்ஸ் வராந்தாவில் வரிசையாக சைக்கிள் நிற்பதைப் பார்த்து யாராவது ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். சர்க்கார் ஊழியரின் மகன் பழைய சைக்கிள் விற்கலாமா என்று செக்‌ஷன் ஆபீசரிடம் நானே போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "நீங்களே போயி கம்ப்ளெயின்ட் குடுத்த மாதிரி இருக்கு" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா உனக்கும் எனக்கும் நடுவில் நின்று, "அந்த மனுசனுக்குப் பயப்படலைன்னா சோறு செமிக்காதுல, விட்டுரு" என்றாள்.

ஆனால் இந்தப் பைத்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்துதான். வேலை கிடைத்து டெல்லிக்கு வந்த புதிதில், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடம் நான் வாங்கிய சைக்கிளில்தான் இன்றைக்கும் ஆபீசுக்குப் போகிறேன். பத்தாவது படிக்கும்போது ஒரு லீவு நாளில் அதை நீ அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டாய். திங்கட்கிழமை ஆபீசுக்கு எப்படிப் போவேன் என்று நான் புலம்பிக்கொண்டே நின்றேன். சாயங்காலத்துக்குள் பூட்டிவிட்டாய். பேரிங்கில் போடுகிற பால்ஸ் ஒன்றுகூட மிச்சமாகவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு உன்னை முதலில் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். நேரு பார்க் வாசலில் பழைய சைக்கிளைத் துடைத்து நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி நின்று டீ குடிக்கிற பெரியவர்கள். வெளியாள் பார்த்தால் என்ன வேலையற்ற கூட்டம் என்றுதான் நினைப்பான். அந்தக் கூட்டத்தில் விலை பேசுகிற முறை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. விற்கிறவன் விலை சொல்லக்கூடாது. வாங்குகிறவர் "க்யா பத்லா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். எதையெல்லாம் மாற்றினாய் என்று அர்த்தம். மாற்றிய சாமானை விற்கிறவன் ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும். அப்புறம் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாந்திபத் ரவுண்டானா வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து, இறங்கி, விலை சொல்வார். பேரம் கிடையாது. பிடித்தால் "ரக் லீஜியே", வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு. கரோல் பாகில் ஒரு பனியன் வாங்கவே அரை மணி நேரம் வாயாடுகிற ஊரில், இத்தனை மரியாதையாக ஒரு வியாபாரம் நடப்பதைப் பார்த்து நான் அதிசயப்பட்டிருக்கிறேன். நீ அதில் சீக்கிரமே கெட்டிக்காரனாகிவிட்டாய். பழைய சீட்டு, பழைய பெல், கம்பெனி முத்திரை போட்ட பழைய பெடல் என்று தேடி அலைந்தாய். ஒன்றை மாற்றினால் விலை குறையும், எதையுமே மாற்றவில்லை என்று சொன்னால் விலை ஏறும். "குச் நஹீன் பத்லா" என்று நீ சொல்லும்போது உன் குரலில் ஒரு மிடுக்கு வரும். சுற்றி நிற்கிறவர்கள் தலையாட்டுவார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன்.

அந்த முறையில் ஒரு ஓட்டை இருப்பது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை. என்ன மாற்றினாய் என்றுதான் கேட்கிறோம். எதை ஒட்டுப்போட்டாய் என்று கேட்பதில்லை. நல்ல புது சாமான் போட்டவனுக்கு விலை குறைகிறது. உடைந்த பழசை ஒட்டி, மேலே பூச்சுப் பூசி வைத்தவன் தலை நிமிர்ந்து நிற்கிறான். இது தெரிய எனக்கு சர்தார்ஜியின் தாடை உடைய வேண்டியிருந்தது.

அதை நீயும் மறந்திருக்கமாட்டாய். ரிங் ரோட்டில் புதிதாகக் கட்டிய மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பார்க்கவேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி ஆசைப்பட்டார் சர்தார்ஜி. கூட்டத்திலேயே மூத்தவர், ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர், எனக்கு டெல்லியில் உள்ள ஒரே சிநேகிதர் என்றுகூடச் சொல்லலாம். நான் பயந்து, இறக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். அவர் என்னைக் கேலி செய்துவிட்டு மிதிக்காமலேயே இறங்கினார். பாதி இறக்கத்தில் சைக்கிள் தனியாகப் போனது. ஹேண்டில்பார் மட்டும் அவர் கையில் இருந்தது. அவர் அதை விடவில்லை, பிடித்தபடியேதான் விழுந்தார். ஃபோர்க்கின் தண்டு, அதாவது ஹேண்டில்பாரையும் முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிற குழாய், அடியில், யாரோ ஒட்டிப் பூச்சுப் பூசி வைத்திருந்த இடத்தில், அறுந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நீதான் ஆட்டோ பிடித்தாய். உன் சட்டையெல்லாம் அவர் ரத்தம். தாடையைக் கம்பி போட்டுக் கட்டி, மாதக்கணக்கில் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சித்தான் சாப்பிட்டார். பின்னால் லாரி வராததுதான் அவர் பிழைத்ததற்குக் காரணம், வேறு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்த சைக்கிளைக் கண்டாலும் முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போட்டுப் பார்ப்பேன். நல்ல சைக்கிள் என்றால் கணீரென்று சத்தம் வரும். நீ இதைப் பார்த்து, "அப்பா டாக்டர் மாதிரி நெஞ்சைத் தட்டிப் பாக்காரு" என்று கூட்டத்தில் சொல்லிச் சிரிப்புக் காட்டுவாய்.

இப்போது அந்தப் பச்சை சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். சிவில் லைன்ஸில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது கோழிக்கூண்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்ததை நீ தூக்கிக்கொண்டு வந்தாய். குளிர்காலம் முழுவதும் அதோடுதான் இருந்தாய். பச்சை பெயின்ட், அதன்மேல் முடி கனத்துக்குத் தங்கக் கோடு, நிக்கல் பூச்சில் கண்ணாடியாக மின்னுகிற ஃபோர்க். உன் கையில் இருக்கிற வித்தையைப் பார்த்து அம்மாவே அசந்துபோனாள். "இத விக்கவால போற?" என்று கேட்டாள். நம் கூட்டத்துக்கு வருகிற டாக்டர் அதைப் பார்த்து மயங்கிப்போனதில் ஆச்சரியம் இல்லை. முழங்கால் வலியில் சைக்கிள் ஓட்டுவதையே நிறுத்திவிட்ட மனிதர், வீட்டு ஹாலில் சுவரோடு சுவராக சைக்கிள்களை மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஓட்டிப் பார்க்காமலேயே விலை சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர் சொன்ன தொகை என்னுடைய மூன்று மாதச் சம்பளம். முனிர்காவில் பார்த்திருக்கிற அறைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, இப்போது போகிற வேலையையும் விட்டுவிட்டு, இதையே தொழிலாகச் செய்யப்போகிறேன் என்று நீ சொன்னது அந்தத் தொகையை நம்பித்தான். கல்யாணம் ஆனதும் தனிக்குடித்தனம். நான் ரிட்டயரானால் இந்த குவார்ட்டர்ஸும் போய்விடும், எல்லோருக்கும் சேர்த்து நீ யோசித்திருக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது.

நீயும் அம்மாவும் ஊருக்குக் கிளம்பிய அன்று, புதுடெல்லி ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக நீ என்னிடம் சொன்னதை நினைவுபடுத்திப் பார். "ஞாயித்துக்கெழம டாக்டர் நம்ம வீட்டுக்கே வருவாரு. க்யா பத்லான்னு கேப்பாரு. ஒண்ணும் மாத்தலன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதும் பேசாதீங்கப்பா. நீங்க வாயத் தொறந்தா வெல எறங்கிரும்." நானும் அச்சா அச்சா என்று தலையாட்டினேன். வண்டி நகர்ந்தது. நீ கைகாட்டினாய். அப்போது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. உளறுவாய் அப்பனை மகன் எச்சரித்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

டாக்டர் வருவதற்கு முன்னால் ஒருமுறை துடைத்து வைக்கலாம் என்று லீவு போட்டுவிட்டு அதை வராந்தாவுக்கு இழுத்தேன். கை சும்மா இருக்கவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கிப் போட்டேன். சத்தம் சரியில்லை. அடைத்துக்கொண்ட தொண்டை மாதிரி ஒரு சத்தம். திரும்பப் போட்டேன். அதே சத்தம். பெல் தளர்ந்திருக்கும், மட்கார்ட் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக முடுக்கினேன். மறுபடியும் அதுதான். ஹேண்டில்பாரைக் கழற்றி, சாப்பாட்டுத் தட்டில் பால்ஸைக் கொட்டி வைத்துவிட்டு, ஃபோர்க்கை உருவி எடுத்தேன். தண்டின் அடிப்பகுதியில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, உன் அம்மாவின் முகப்பவுடரைத் தூவிவிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து பவுடரில் கோடாகத் தெரியும். கோடு வந்தது. மெதுவாக, யாரோ உள்ளேயிருந்து வரைகிற மாதிரி, தண்டைச் சுற்றிப் பாதிக்குமேல் வந்துவிட்டு நின்றது. சர்தார்ஜிக்கு அறுந்த அதே இடம்.

அதோடு விட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். பழைய சைக்கிள், பழைய விரிசல், உனக்குத் தெரிந்திருக்காது, நல்லவேளை நான் பார்த்தேன் என்று முடித்திருப்பேன். டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தேன். உள்பக்கத்தில் பித்தளை வைத்து ஒட்டியிருந்தது. பழைய ஒட்டு என்றால் பித்தளை கறுத்துப்போயிருக்கும். இது புதுக் குடம் மாதிரி மஞ்சளாக மின்னியது. இந்தக் குளிர்காலத்தில், இந்த சைக்கிள் நம் வீட்டுக்கு வந்த பிறகு வைத்த ஒட்டு. கணேசா, தட்டோடு பால்ஸைத் தட்டிவிட்டு, அவை வராந்தா முழுவதும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஃபோர்க்கை நீ ஜண்டேவாலானில் ரஷீத் பாயின் பற்றவைப்புக் கடையில் கொடுத்திருந்தாய், வளைவு நிமிர்த்தவும் நிக்கல் போடவும் என்று என்னிடம் சொன்னாய். ரஷீத் பாய் அவராகவே விரிசலைப் பார்த்து ஒட்டியிருக்கலாம். சொல்ல மறந்திருக்கலாம். நேரே போய்க் கேட்டுவிடுவது என்று மறுநாள் பஸ் ஏறினேன். கடைக்கு எதிரே நின்றேன். அவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஆயியே பாபுஜி, ஷாதி கப் ஹை?" என்று கேட்டார், கல்யாணம் எப்போது என்று. சொன்னேன். டீ வரவழைத்தார், குடித்தேன். மாப்பிள்ளை ரொம்பக் கெட்டிக்காரன் என்று உன்னைப் புகழ்ந்தார். நான் கேட்கவேண்டிய கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. கேட்டால் அவர் என்ன சொல்வார்? "ஆமாம், உங்கள் மகன்தான் ஒட்டச் சொன்னான்" என்று சொல்லிவிட்டால்? கல்யாணத்துக்கு ஊருக்கெல்லாம் வரமுடியாது, இங்கே விருந்து வையுங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே திரும்பிவந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

வேறு ஃபோர்க் மாட்டிவிடலாமே என்று நீ கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டேன். லூதியானாவில் செய்த புது ஃபோர்க் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆயுசுக்கும் உடையாது. ஆனால் டாக்டர் கேட்பாரே, க்யா பத்லா என்று. ஃபோர்க்கை மாற்றிவிட்டோம் என்றால் விலை பாதியாகிவிடும், அல்லது வேண்டாம் என்றே சொல்லிவிடுவார். உன் அறைக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியாமல் போகும். உன் பேர் போகும். அப்போது எனக்கு ஒரு புத்தி வந்தது பார், அதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். அந்த மனிதர்தான் ஓட்டமாட்டாரே. சுவரில் தொங்கப்போகிற சைக்கிளுக்கு விரிசல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நிச்சயமாகக் கொடுத்துவிடலாம் என்றுதான் சனிக்கிழமை முழுவதும் இருந்தேன். ஃபோர்க்கைத் திரும்ப மாட்டக்கூட ஆரம்பித்தேன். ஆயுசெல்லாம் எதற்கெடுத்தாலும் பயந்தவன், பயப்படவேண்டிய ஒரே இடத்தில் தைரியசாலி ஆகிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. ஃபோர்க்கை மறுபடியும் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

டாக்டர் பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர், உனக்கென்று ஸ்வீட் பெட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் கேள்வி கேட்குமுன்பே ஃபோர்க்கை அவர் கையில் கொடுத்து, பவுடர் தூவிக் காட்டினேன், டார்ச் அடித்து உள்ளே காட்டினேன். என் ஹிந்தி உனக்குத் தெரியுமே, பயத்தில் அதுவும் குழறியது. அவர் நிதானமாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். "தோ க்யா ஹுவா? மைன் சலாத்தா ஹீ நஹீன்." அதனால் என்ன, நான்தான் ஓட்டுவதே இல்லையே என்றார். ஒரிஜினல் ஃபோர்க் இருக்கிறதா, இருக்கிறது, விலையும் நான் சொன்னதுதான், மாட்டிக் கொடுங்கள் என்றார். நான் நினைத்துவைத்திருந்த சமாதானத்தை அவரே என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். கேட்கச் சகிக்கவில்லை. "உங்களுக்கு அப்புறம்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. உங்கள் பிள்ளைகள் அதைக் கீழே இறக்கினால், வேறு யாருக்காவது விற்றால், வாங்குகிறவன் மேம்பாலத்தில் இறங்கினால் என்றேன். "பாபுஜி, ஆப் பஹுத் டர்த்தே ஹைன்" என்றார். ரொம்பப் பயப்படுகிறீர்கள் என்று. அன்பாகத்தான் சொன்னார். அப்படியே கோட்டுப் பைக்குள் கைவிட்டுப் பணக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அந்தக் கவரை நான் பார்த்தேன். அது அங்கே இருக்கிறவரைக்கும் எனக்கு நம்பிக்கை கிடையாது, அவர்மேல் அல்ல, என்மேல். உன் சாமான் பெட்டியிலிருந்து ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு வந்து, ஃபோர்க்கை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அந்தக் கோட்டின்மேலேயே வைத்து அறுத்தேன். டாக்டர் பதறி எழுந்தார். "ஆப் பாகல் ஹோ கயே ஹைன் க்யா!" பைத்தியமா உங்களுக்கு என்று என் கையைப் பிடிக்க வந்தார். இரும்பை அறுக்க எத்தனை நேரமாகும் என்று உனக்குத் தெரியும். எனக்கு நேரமே ஆகவில்லை. கொஞ்சம் இழுத்ததுமே படக்கென்று அதுவே உடைந்து என் காலில் விழுந்தது. உடைந்த வாயைப் பார்த்தோம். சுற்றிலும் பழைய துரு, உள்பக்கம் பேருக்குப் பித்தளை, ஒரு ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு வெள்ளை இரும்பு. அந்த நகக்கண் அளவுதான் அந்த சைக்கிளைத் தாங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஓட்டியிருக்கமாட்டேன் என்று மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை மெதுவாக. கவரை எடுத்துக்கொண்டார். ஸ்வீட் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். நான் வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். எதிர்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

உன் அறைக்கு அட்வான்ஸ் நான் கொடுத்துவிடுகிறேன், பி.எஃப்.பில் லோன் கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. வேலையை விடுவது உன் இஷ்டம், இந்தத் தொழிலைச் செய்வதும் உன் இஷ்டம், நான் தடுக்கமாட்டேன். உனக்கு இருக்கிற கைக்கு நீ நன்றாக வருவாய். விலையை எப்படிப் போடுவது என்று நான் உனக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை, என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். இனிமேல் எந்த சைக்கிளை விற்றாலும், உனக்கு வரப்போகிறவளைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அப்புறம் விலை பேசு. பெண் பார்க்கப் போனபோது அந்தப் பிள்ளை உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. "டெல்லியில என்னையும் சைக்கிள்ல கூட்டிட்டுப் போவீங்களா?" என்றுதான் கேட்டாள். அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

என்னைத் தூங்கவிடாதது ஃபோர்க் இல்லை, கணேசா. அது உடைந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, இனி யாரையும் ஒன்றும் செய்யாது. நீ அந்தப் பச்சை சைக்கிளை ஓட்டி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பார்த்ததே இல்லை. வீட்டிலிருந்து நேரு பார்க் வரைக்கும் அதை உருட்டிக்கொண்டே வந்தாய். ஏறி ஓட்டேன்லே என்றேன். டயர் புதுசு, அழுக்காகும் என்றாய். மற்றவர்கள் ஒரு நடை ஓட்டிப் பார்க்கக் கேட்டபோது, டாக்டருக்குப் பேசியாச்சு என்று கொடுக்க மறுத்துவிட்டாய். இத்தனை பேர் இருக்கையில், ஓட்டவே ஓட்டாத ஒருவருக்குப் பேசியிருந்தாய். டயர் நிஜமாகவே புதுசுதான். டாக்டர்தான் நிஜமாகவே அதிக விலை சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. நான்தான் பயந்துபோய்க் கண்டபடி கோத்துப் பார்க்கிறேனோ என்னவோ. எனக்கு அந்த வியாதி உண்டு என்பது உனக்குத் தெரியாததா?

பதில் எழுதாதே. அம்மா கையில் கிடைத்துவிடும். அடுத்த வாரம் நான் வண்டி ஏறுகிறேன், ஜங்ஷனுக்கு நீ மட்டும் வா. மாமாவையோ வேறு யாரையோ கூட்டிக்கொண்டு வராதே. இறங்கினதும் பெட்டியை வாங்கிக்கொள்ளாமல், முதலில் எனக்குச் சொல்லிவிடு. அந்த விரிசல் உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்று நீ சொன்னால் அந்த பிளாட்பாரத்திலேயே நான் இடிந்துபோவேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எழுந்துவிடுவேன். உன்னோடுதான் வீட்டுக்கு வருவேன், உன் கல்யாணத்தில் முன்னால் நிற்பேன், அப்புறம் நாம் இரண்டு பேருமாக என்ன செய்வது என்று யோசிப்போம். என் பயம் வேறு. "தெரியாதுப்பா" என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அப்படியே நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
அப்பா